செல்வியின் கெண்டை

1979 ஆகஸ்ட், ஞாயிறு இரவு.

வைகைக் கரையில் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பும்போது பஸ்சில் கண்டக்டர், "அண்ணே, அந்த வேட்டியோட சீட்டுல உக்காராதீக" என்றார். போடி வரைக்கும் நின்றே வந்தேன். அது சிரித்துவிட்டு மறக்கிற சங்கதி. இது அப்படியில்லை.

தூண்டில் போட என்னோடு மகள் செல்வியும், கடை வைத்திருக்கும் உசேன் பாயும் வந்திருந்தார்கள். பாய் தன்னுடைய ரீல் வைத்த கம்பைச் செல்வியிடம் கொடுத்தார். மத்தியானம் அந்தக் கம்பு வில்லாய் வளைந்தது. பெரிய கெண்டை. அவள் பதறவில்லை. மீன் ஓடுகிறபோது விட்டுக்கொடுத்து, அசருகிறபோது சுற்றி, கரைப்பக்கம் கொண்டுவந்துவிட்டாள்.

எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. "கொண்டா இங்கிட்டு, உனக்குத் தெரியாது" என்று கம்பைப் பிடுங்கினேன். ஜீப்பில் ஏலக்காய் மூட்டைகளைக் கயிறு போட்டு இறுக்கிப் பழகிய கை. அதே இழுப்பு இழுத்தேன். தூண்டில் நரம்பு அறுந்தது, மீன் போனது.

"லோடு கட்டிட்டீகளாண்ணே?" என்று பாய் சிரித்தார்.

"இவ முன்னாடியே நரம்பப் பாறையில தேய விட்டுட்டா பாய்" என்றேன். கூசாமல் வந்தது அந்தப் பொய்.

செல்வி என் முகத்தைப் பார்த்தாள். "ஆமா மாமா, என் மேலதான் தப்பு" என்று பாயிடம் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும், "அடுத்த வாரமும் போவமா ஆத்தா?" என்று செல்வியிடம் கேட்டேன்.

"நீங்க போயிட்டு வாங்கப்பா. எனக்குச் சோலி கெடக்கு."

சரி என்று மட்டும் சொன்னேன். அது உன் மீனு ஆத்தா, நான்தான் அறுத்தேன் என்று சொல்லவில்லை.