தூங்குமூஞ்சிச் சந்தனம்

செவ்வாய் இரவு

இன்று காலை ஒரு முளைக்கு முத்தம் கொடுத்தேன். பெண்டாட்டி பார்த்துவிட்டாள்.

அவள் ஆசையாகப் பைகளில் ஊன்றிய சந்தன விதை ஒன்றுகூட முளைக்கவில்லை. "இனியும் வரலைன்னா மண்ணோட கொட்டிருவேன்" என்று போன வாரம் முகம் வாடினாள். எனக்குப் பொறுக்கவில்லை. விதைக்குள் ஒரு ஹார்மோன் 'தூங்கு' என்று அமுக்கி வைக்குமாம். ஜிப்ரலின் என்பது 'எந்திரி' என்று தட்டுமாம். மல்லாங்கிணறு உரக்கடையில் ஜிப்ரலின் வாங்கிக் கரைத்து, அவளுக்குத் தெரியாமல் ஊற்றினேன். இன்று பைக்குப் பை பச்சை!

"கொட்டிராத தாயி! நாந்தேன் மருந்து ஊத்தி எழுப்பிவிட்டேன்" என்று மார்தட்டினேன்.

சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"நீங்க கொஞ்சுனது துவரைங்க. சந்தன வேரு பக்கத்துச் செடியப் பிடிச்சுத்தேன் வளரும். அது என்னைக்கு எந்திரிச்சாலும் துணை வேணும்ல? கொட்ட மனசு வராம, போன வாரமே பைக்குப் பை துவரைய ஊண்டிட்டேன்."