நான்கு ஆணி அடித்த ஜன்னல்

சாய்ந்தமருது
11.09.2024

அன்புள்ள றினோஸா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் பிள்ளையும் சுகம். பால்தான் போதவில்லை. பிள்ளை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு அழுகிறாள்.

கடிதமா என்று சிரிக்காதீர்கள். பேறு முடிந்து வீட்டுக்கு வந்த அன்றே உம்மா என் போனை வாங்கி அலுமாரியில் பூட்டிவிட்டா. அந்த வெளிச்சம் பட்டால் பிள்ளை பெற்றவளுக்குக் கண் போய்விடுமாம். பிள்ளையின் நிறை பார்க்க மருத்துவமாது சிவரூபினி மிஸ் வருவா. உங்கள் ஆஸ்பத்திரிக்கும் அவ போவதால், கிளினிக் அட்டைக்குள் இதை வைத்து அனுப்புகிறேன்.

ஒன்பது நாளாக இதே அறை. ஜன்னலில் கறுப்புத் துணி, நான்கு மூலைக்கும் நான்கு ஆணி. இடது பக்கக் கீழ் ஆணி கொஞ்சம் தளர்வு. அதை நீக்கினால் கிணற்றடி தெரியும். எனக்கு நாளொன்றுக்கு ஒரு கிளாஸ் வெந்நீர் மட்டும். “தண்ணி குடிச்சா வகுறு தொங்கிரும் மகள். ஸகியாட வகுற நீ பாக்கல்லியா?” என்கிறா உம்மா. பக்கத்து வீட்டு ஸகியா மாமி நேற்று வந்தபோது என் கண் அங்கேதான் போனது. பாவம்.

நடக்கவும் கூடாது, நரம்பு விரியுமாம். சியாம் நாற்பது நாளைக்கு அவருடைய உம்மா வீட்டில். பின்னேரம் வந்து அறை வாசலில் நின்று, “மாமி சொல்றதக் கேளுங்க” என்று சொல்லிவிட்டுப் போகிறார். வீடு உம்மாவுடையது. மருமகன் வேறு என்ன சொல்வார்?

நீங்களும் வர முடியாது. ஏழு மாதக் கர்ப்பிணி பேற்று வீட்டுப் படி மிதித்தால் இருவருக்கும் கேடாம். நீங்கள் நேர்ஸ்தானே. இதில் எது உண்மை, எது பொய் என்று எழுதி அனுப்புங்கள்.

தாகத்துடன்,
நஸ்லின்


கல்முனை
13.09.2024

என் தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். தண்ணீர் குடித்து வயிறு தொங்கியவள் உலகத்தில் இல்லை. பால் கொடுப்பவளுக்குத் தாகம் கூடுதல். தாகம் எடுக்கும்போதெல்லாம் குடி. போன் வெளிச்சத்தால் கண் போகாது, தூக்கம்தான் கெடும். நடந்தால் நரம்பு விரியாது. மாறாக, படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறையலாம்.

எல்லாமே பொய் என்றும் நினைக்காதே. உடம்பு தேற ஆறு கிழமை பிடிக்கும். அடுப்படிக்குப் போகாமல், நல்ல சாப்பாட்டோடு உன்னை வைத்திருக்கிறாவே, அது சரி. ஆனால் ஓய்வு என்றால் கட்டிலோடு கட்டிப் போடுவதல்ல.

இதையெல்லாம் உம்மாவிடம் போனில் சொன்னேன். “உன்னப் பெத்ததே நான். நீயா எனக்குப் பேறு படிப்பிக்காய்?” என்று வைத்துவிட்டா. வார்டில் நாளுக்கு இருபது தாய்மார் என் பேச்சைக் கேட்கிறார்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிடமும் பார்த்திருக்காதே.

றினோஸா


சாய்ந்தமருது
18.09.2024

ராத்தா,

பிள்ளையைக் குளிப்பாட்ட ஆறவைத்த தண்ணீரில் நாலு மிடறு குடித்தேன். உம்மா வாளியின் மட்டத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தா. இப்போது வாளி அறைக்கு வெளியே.

இரண்டு நாளாக இடது கால் கனக்கிறது. கெண்டைக்காலில் பிடித்த நோவு விடவில்லை. வலது காலை விடப் பருமன், தொட்டால் சூடு. காற்று இறங்கியிருக்கிறது என்று உம்மா காலையும் மாலையும் எண்ணெய் காய்ச்சி அழுத்தி உருவுகிறா. அவவின் கையும் வலிக்கும், விடமாட்டா.

இன்று மிஸ் வந்ததும் உம்மா என் காலுக்கு மேல் போர்வையை இழுத்துவிட்டு, “எல்லாம் சுகம் மிஸ்” என்றா. உம்மா முன்னால் எனக்கு வாய் வரவில்லை. மிஸ் வெளியே பிள்ளையை நிறுத்து முடிப்பதற்குள் இதை எழுதி அட்டைக்குள் வைக்கிறேன். நீங்கள் சொன்ன கால் இதுவா?

நஸ்லின்


18.09.2024, பின்னேரம்

நஸ்லின்,

இதேதான். இனி அந்தக் காலை யாரும் உருவக் கூடாது. உறைந்த இரத்தம் கழன்று நெஞ்சுக்குப் போய்விடும்.

நான் உன் கேற்றுக்கு வெளியே ஓட்டோவில் இருக்கிறேன். மடியில் வைத்து எழுதுகிறேன். அட்டையில் ஏதோ எழுத மறந்ததாகச் சொல்லி மிஸ் திரும்பி வந்து இதைத் தருவா. நான் படி மிதிக்கமாட்டேன், உம்மாவுக்கு அந்தச் சாட்டு வேண்டாம். நீதான் வர வேண்டும். வாதாடாதே. எழும்பு, மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வா.

றினோஸா


சாய்ந்தமருது
14.10.2024

ராத்தா,

போன் கிடைத்துவிட்டது. ஆனால் நாம் கதைக்கும்போது “ஸ்பீக்கர்ல போடு மகள்” என்கிறா உம்மா. அதனால் மீண்டும் தாள்.

அன்று அறையிலிருந்து கேற் வரை முப்பத்தொரு அடி. எண்ணிக்கொண்டு வந்தேன். உம்மா மறிப்பா என்றுதான் நினைத்தேன். பின்னாலேயே வந்து, காற்றுப் படாமல் என் காதை முக்காட்டால் மூடிவிட்டா. ஆஸ்பத்திரியில் ஏழு நாளும் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தா. இரத்த உறைவுக்கு என் வயிற்றில் ஊசி போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வா. தண்ணீர் நீட்டினேன், வாங்கவில்லை. “நீ தாகத்தோட கிடக்கக்குள்ள எனக்கு எப்பிடி இறங்கும்? நானும் ஒரு கிளாஸ்தான் குடிச்ச” என்றா. பதினாறு நாளும் அப்படித்தானாம். எனக்குக் கோபிக்கத் தெரியவில்லை.

ஆனால் கேளுங்கள். பார்க்க வருபவர்களிடம் இப்போது அவ சொல்வது இது: “புள்ள களவாத் தண்ணி குடிச்சிருக்கா. அது காலுக்கு இறங்கிட்டு. அதோட வகுத்துப் புள்ளக்காரி கேற்றடிக்கு வந்தா.” எல்லோரும் தலையாட்டுகிறார்கள். உயிர் காத்த ஊசியைப் பற்றி ஒருவருக்கும் பேச்சில்லை.

நான் வெளி அறைக்கு வந்துவிட்டேன். அந்த அறையைக் கழுவி, துணியைத் துவைத்து மீண்டும் ஆணி அடித்திருக்கிறா. உங்களுக்கு. ராத்தா, வர வேண்டாம். கல்முனையிலேயே இருங்கள்.

நஸ்லின்


கல்முனை
17.10.2024

அன்புத் தங்கச்சிக்கு,

மூன்று நாளாக யோசித்தேன். உன் மச்சான் றிஷாட்டுக்குக் கட்டாரில் லீவு கிடைக்கவில்லை. என் மாமி படுத்த படுக்கை. குவார்ட்டர்ஸில் அடுத்த அறை நேர்ஸ்மாருக்கு இரவு டியூட்டி. தையல் போட்ட உடம்போடு தனியே பிள்ளையைத் தூக்க முடியாது என்று தாய்மாருக்குச் சொல்பவளே நான்தான்.

நேற்று உம்மா வந்தா. என் கால் இரண்டையும் மடியில் தூக்கி வைத்து, ஒன்றை ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்த்தா. ஏன் என்று கேட்டேன். “சும்மா” என்றா. ஆனால் உருவவில்லை. தண்ணீரைப் பற்றியும் கேட்டேன். “அது வேற கத மகள்” என்றா.

வருகிறேன். நவம்பர் கடைசியில்.

அந்த அறை மூலையில் இருக்கும் அரிசி வாளிக்குப் பின்னால் இரண்டு லீற்றர் போத்தல் ஒன்றை நிறைத்து வை. உம்மா அசர் தொழும் நேரத்தில் நான் எழும்பி நடப்பேன், நீ வாசலைப் பார்த்துக்கொள். அந்த இடது பக்கக் கீழ் ஆணியை உம்மா இறுக்கி அடித்துவிட்டாவா என்று பார். இறுக்கியிருந்தால், நான் வருமுன் தளர்த்திவை.

உன் ராத்தா,
றினோஸா