ஜன்னலுக்கு வெளியே அம்மா

நவம்பர் 6

பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கே இருட்டிவிடுகிறது இப்போதெல்லாம். என் தங்கை குட்டி, ஸ்வெட்டரை முன்பின்னாக மாட்டிக்கொண்டு பொத்தானைத் தேடி முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அறுபது வயது. ஓய்வு பெறும்வரை கணக்கு டீச்சர். வீட்டில் மட்டும் என்றைக்கும் குட்டிதான்.

“இதப் பின்னினவளுக்கு மண்டையில மசாலாவே இல்லக்கா” என்றாள்.

பின்னியவள் நான்தான்.

நவம்பர் 13

நர்ஸ் வந்திருந்தார். மறதி நோய் உள்ளவர்களுக்குக் குளிர்காலத்தில் சாயங்காலம்தான் கஷ்டமாம். “இருட்டறதுக்கு முன்னாடியே எல்லா லைட்டையும் போட்டுடுங்கம்மா. குளிருதுன்னு அவங்களுக்குச் சொல்லத் தெரியாது, நீங்கதான் கையத் தொட்டுப் பாக்கணும். தாகமும் தெரியாது. சூடா எதாவது குடுத்துக்கிட்டே இருங்க. அவங்க ஏதாவது மாத்திச் சொன்னா சண்டைக்குப் போகாதீங்க.”

வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்து, “நீங்க தூங்கறீங்களா?” என்றார். சிரித்து மழுப்பினேன்.

நவம்பர் 21

மத்தியானம் வெயில் தலைகாட்டியது. தெருமுனைவரை நடந்தோம். நிற்கிற கார்களின் நம்பரையெல்லாம் மனசுக்குள் கூட்டிச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒன்றுகூடத் தப்பில்லை. நான் விரல்விட்டு எண்ணிச் சரிபார்த்தேன்.

நல்ல நாள்.

நவம்பர் 24

விளக்கைப் போட்டுவிட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தேன். குட்டி கூடத்து ஜன்னல் முன்னால் போய் நின்றாள்.

“அக்கா, அம்மா வெளியில நிக்கிறா.”

அம்மா இறந்தபோது குட்டி கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். இதேபோல ஒரு குளிர்காலம்.

எழுந்து அவள் பின்னால் போனேன். இருட்டுக் கண்ணாடியில், அவள் தோளுக்கு மேலே, ஒட்டிய கன்னமும் இழுத்துக் கட்டிய நரைமுடியுமாக ஒரு முகம். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அப்புறம்தான் தெரிந்தது, நான்.

எப்போது எனக்கு அம்மாவின் முகம் வந்தது?

“அது நான்தான் குட்டி, பாரு” என்று கையைத் தூக்கினேன். கண்ணாடியில் இருந்தவளும் தூக்கினாள்.

“கூப்பிடறா பாரு. கதவத் திறக்கா. குளிர்ல நிக்கிறா.”

நவம்பர் 25

நர்ஸுக்கு போன் செய்தேன். திரையை இழுத்து மூடிவிடச் சொன்னார். கனத்த துணியில் திரை தைத்து மாட்டினேன். குட்டி அதற்குள் தலையை நுழைத்து, கண்ணாடியில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு அழுதாள். இழுத்துக்கொண்டு வந்தேன். கன்னம் ஐஸ்கட்டி.

“உனக்குக் கல்நெஞ்சுக்கா. அவள வெளிய விட்டுட்டுக் கதவ சாத்திட்ட.”

டிசம்பர் 3

இன்றும் அதே.

டிசம்பர் 8

எழுதாமல் இருக்க முடியவில்லை.

குளியலறைக்குப் போனேன். வந்து பார்த்தால் வாசல்கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. செருப்பு இருக்கு, ஆளக் காணோம். இந்தக் குளிர்ல எங்கடி போன — தெருவெல்லாம் கத்திக்கிட்டே ஓடினேன். ஒரு மனுஷி குளியலறைக்குக்கூடப் போகக் கூடாதா?

பஸ் ஸ்டாப்பில் ஒரு பஸ் கிளம்பாமல் நின்றது. டிரைவர் அவளை உள்ளே ஏற்றித் தன் ஜாக்கெட்டைப் போர்த்தியிருந்தார். வெறும் காலுறை, அதுவும் நனைந்து. விரல்கள் நீலம் பாரித்துவிட்டன. என் கோட்டை மட்டும் மடியில் பத்திரமாக வைத்திருந்தாள்.

“வர்றவங்க போறவங்க மூஞ்சியெல்லாம் உத்து உத்துப் பாத்தாங்கம்மா. அந்தக் கோட்டப் போட்டுக்கச் சொன்னா, இது எங்கம்மாவுக்குன்னாங்க” என்றார் டிரைவர்.

டிசம்பர் 10

தம்பி லாரியை எங்கோ நிறுத்திவிட்டு ஓடிவந்தான். கதவுக்குப் புதுப் பூட்டு போட்டான். பிறகு சமையலறையில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

“சின்னக்காவ முதியோர் விடுதியில சேத்துடலாம்க்கா. அடுத்த தடவ உயிரோட கிடைக்க மாட்டா. உன்னையும் பாரு, பேய் அறைஞ்ச மாதிரி இருக்க.”

“எனக்குக் கொஞ்சம் டைம் குடுடா.”

“அடுத்த வாரம் வருவேன். முடிவு சொல்லணும்.”

டிசம்பர் 12

இன்று கண்ணாடியை அறைய ஆரம்பித்துவிட்டாள். உடைந்துவிடும் போலிருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ. கோட்டை மாட்டிக்கொண்டு, பின்கதவு வழியாக வெளியே போய்ப் பூட்டி, வீட்டைச் சுற்றி நடந்து, ஜன்னலுக்கு நேராகப் போய் நின்றேன். உள்ளிருந்து அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

வாசலுக்கு வந்து சாவி போட்டுத் திறந்தேன். கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள்.

“வந்துட்டியாம்மா.”

என் கைகளைத் தேய்த்து ஊதினாள். ஹீட்டர் பக்கத்தில் உட்காரவைத்தாள். தன் காலுறையைக் கழற்றி என் காலில் மாட்டினாள். “அக்காதான் திறக்க மாட்டேன்னுட்டா. அவ கெட்டவ இல்லம்மா. கோவம் ஜாஸ்தி, அவ்வளவுதான். அவ இருந்தா எனக்கு பயமே கிடையாது.”

நான் சூப் குடித்தேன். கூடவே அவளும் ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்தாள். கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. படுத்ததும் தூங்கிப்போனாள்.

டிசம்பர் 13

குட்டி ஜன்னல் பக்கமே போகவில்லை. காலையில் “அம்மா” என்றாள். மத்தியானமும். ஒரு தடவையாவது “அக்கா” வரும் என்று நாள் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 16

“அக்கா எப்பம்மா வருவா?”

“வேலைக்குப் போயிருக்கா.”

சட்டென்று வாயில் வந்துவிட்டது. செத்தவளை உள்ளே அழைத்துக்கொண்டு, உயிரோடிருப்பவளை வெளியே அனுப்பிவிட்டேனா? வகிடை மாற்றி எடுத்துப் பார்த்தேன். அப்போதும் கண்ணாடியில் அம்மாதான். எனக்குப் பயமாயிருக்கு.

டிசம்பர் 19

தம்பி வந்தான். குட்டி வாசலிலேயே பிடித்துக்கொண்டு, “அம்மா வந்துட்டாடா” என்றாள்.

சமையலறைக்குள் வந்து குரலைத் தாழ்த்தினான். “என்னக்கா கூத்து இது?”

“வெளிய போறதில்ல. சாப்பிடறா, தூங்கறா. கையத் தொட்டுப் பாரு, சூடா இருக்கும்.”

கூடத்தில் போய் உட்கார்ந்தான். அவள் ஆரஞ்சு உரித்து ஒவ்வொரு சுளையாக அவன் வாயில் போட்டாள். வாங்கிக்கொண்டே இருந்தான். விடுதி என்ற பேச்சையே அவன் எடுக்கவில்லை.

கிளம்பும்போது குட்டி அதட்டினாள். “அம்மாகிட்ட சொல்லிட்டுப் போடா.”

அம்மா போன அன்று அவன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். உயிர் இருக்கும்போது கடைசியாக முகம் பார்க்காதவன் அவன் ஒருவன்தான்.

கதவு நிலையைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு நிமிர்ந்து, என் முகத்தை நேராகப் பார்த்து, “போயிட்டு வரேம்மா” என்றான்.

“பாத்துப் போப்பா” என்றேன்.

வெகுநேரம் லாரி கிளம்பும் சத்தம் கேட்கவில்லை.