முன் பெஞ்சின் இடது ஓரம்

அக்கரப்பத்தனை,
வியாழன் இரவு.

அன்புள்ள ஷாமிலா அக்காவுக்கு,

கொழும்பில் வெயில் தாங்க முடியவில்லை என்று சொன்னாயே, தலைவலி விட்டதா? இங்கே நாங்கள் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை.

போனில் சொல்ல வழியில்லை. போன் அப்பாவின் சட்டைப் பையிலேயே இருக்கிறது. அது கைக்கு வந்தாலும், சுவரோடு சுவர் ஒட்டிய இந்த லயத்துக் காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் நலம் விசாரிப்பார்கள். ரபீக்கா அக்கா சனிக்கிழமை கடைக்குச் சாமான் எடுக்கக் கொழும்புக்கு வருகிறார். அவரிடம் இதைக் கொடுத்துவிடுவேன். அப்பா புரண்டு படுக்கும்போதெல்லாம் டார்ச்சை அணைத்து அணைத்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும்.

நம் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்பு வரப்போகிறது தெரியும்தானே. வகுப்பறையைத் தோட்டத்து ஆட்களே கூலி வாங்காமல் சிரமதானமாகக் கட்டி முடித்துவிட்டார்கள். அம்மாவும் மற்றவர்களும் அரைநாள் பேரையும் அதன் சம்பளத்தையும் விட்டுவிட்டு மணல் சுமந்தார்கள். திங்கட்கிழமை திறப்பு. அப்பா போன வாரம் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், வேலை வாங்கும் கண்டாக்கு ஐயா முன்னாலேயே, "புது வகுப்புல மொதப் பேரு எம் மக பேருதான். இந்த ரூமுலருந்துதான் டாக்டரா வெளிய வருவா" என்று சொல்லியிருக்கிறார். எல்லோரும் கைதட்டினார்களாம். இப்போது மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்கள் அம்மாவை "டாக்டரம்மாவோட ஆத்தா" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அக்கா, அந்த அறையில் கலைப்பிரிவு மட்டும்தான். விஞ்ஞானம் இல்லை, அதற்கு ஆசிரியர்களும் இல்லை. உயர்தரம் வருகிறது என்று அதிபர் சொன்னதும் அப்பா சந்தோஷத்தில் வேறொன்றும் கேட்கவில்லை. உயர்தரம் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டார். அவரிடம் உண்மையைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, எனக்கும்தான்.

அம்மாவின் கால்வலிக்கு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, நானும் அம்மாவும் அட்டன் டவுனில் ஒரு பெரிய பாடசாலைக்குப் போனோம். உயிரியல் பிரிவில் இடம் கிடைத்துவிட்டது. அங்கேயும் திங்கட்கிழமைதான் சேர வேண்டும். நாங்கள் போன நேரம் காலைக்கூட்டத்தில் அவர்களுடைய கீதம் பாடினார்கள். பேண்ட் வாத்தியம், கழுத்துப்பட்டி, எல்லாம் அழகு. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நம்முடைய கீதம் என்றால் எல்லோரையும்விட உரக்கப் பாடுவேன். விளையாட்டுப் போட்டியில் நீல இல்லம் தோற்று நானும் சுதர்ஷினியும் அழுததற்கு நீ சிரித்தாயே. பிறகு ஆய்வுகூடத்தைக் காட்டினார்கள். மேசையில் நுணுக்குக்காட்டிகள் வரிசையாக இருந்தன. அங்கிருந்து வர எனக்கு மனமே இல்லை.

சுதர்ஷினிக்கு மட்டும் சொன்னேன். "டவுனுக்குப் போனா எங்களயெல்லாம் கண்ணு தெரியுமாடி?" என்று கேட்டுவிட்டுப் போனாள். இரண்டு நாளாகப் பேசவில்லை. நம் பள்ளிக்கூடத்தின் மேல் இருக்கும் பாசத்தையும் பார்த்துத்தானா படிக்கிற இடத்தை முடிவு செய்ய வேண்டும்? அது பெரிதில்லை என்று சொல்ல எனக்கு வரவில்லை. ஆனாலும் அட்டனுக்குப் போகத்தான் நினைக்கிறேன்.

புது வகுப்புக்குப் பெஞ்சு செய்தது அப்பாதான், காற்றில் விழுந்த சவுக்கு மரத்தில். நான் இடது கையால் எழுதுவதால் முன் பெஞ்சின் இடது ஓரத்தில் முழங்கை இடிக்காதபடி இடம் விட்டிருக்கிறார். இன்று யாரும் இல்லாத நேரம் போய் உட்கார்ந்து பார்த்தேன். அளவு சரியாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் அப்பாவுக்கு நீ போன் பண்ண வேண்டும். நீ சொன்னால் கேட்பார். அந்த அறை வீணாகாது, நிறையப் பிள்ளைகள் படிக்கும் என்று முதலில் சொல்லு. மற்றதைப் பிறகு சொல்லு. அவர் கத்தினால் கத்தட்டும், நான் தாங்கிக்கொள்வேன். ஒன்றும் பேசாமல் எழுந்து போய் அந்தப் பெஞ்சைத் திரும்பவும் தேய்க்க ஆரம்பித்துவிடுவாரோ என்றுதான் பயமாக இருக்கிறது. அதனால் உடனே போனை வைத்துவிடாதே அக்கா. அவர் ஏதாவது ஒரு வார்த்தை பேசும்வரை காத்திரு.

உன்னையே நம்பியிருக்கும் தங்கச்சி,
திலக்சனா