மூக்கு பட்ட செடி

அன்புள்ள அடெலினோவுக்கு, லிஸ்பனிலிருந்து லுசிலியா எழுதுவது. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? பேத்திக்கு இருமல் நின்றதா? நான் சுகம்.

அந்தோனியார் திருவிழாவன்று எங்கள் சந்தில் மத்தி மீன் சுட்டுக்கொண்டிருந்த ஜாசிந்து, என்னோடு சமையல் வேலை செய்யும் ஒதெத்தி, மாடிவீட்டு சுல்மீரா, நான், நாலு பேரும் இருந்தோம். உங்களுக்கு வருடாவருடம் அனுப்பும் திருநீற்றுப்பச்சைத் தொட்டி மேசைமேல் இருந்தது. நாற்பத்தோரு வருடத்துக்கு முன் இதே திருவிழாவில், காதலிக்குக் கொடுக்கும் வழக்கப்படி நீங்கள் எனக்குக் கொடுத்தது மாதிரியே பந்துபோல் உருண்டை, நடுவில் சிவப்புக் காகிதத்தில் செய்த பூ. சுல்மீரா குனிந்து மூக்கைச் செடிக்குள்ளேயே விட்டாள்.

"அடியே, கையால தடவிக் கையைத்தான மோந்து பாக்கணும்! மூக்கு பட்டா செடி செத்துரும்டி!" என்று கத்தினேன்.

"ஏன், என் மூக்கு என்ன கொள்ளிக்கட்டையா?"

"அது எல்லார் வீட்டுக்குள்ளயும் போற மூக்குதானே, விடு லுசிலியா" என்றார் ஜாசிந்து. எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

மூன்றாம் நாள் ஒரு பக்கம் வாடிவிட்டது. திருவிழா முடிந்ததால் வேறு செடி கிடைக்கவில்லை. இதையே உங்கள் ஊர்ப் பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன். வாடியதைக் கிள்ளிவிட்டு ஜன்னலோரம் வையுங்கள். தினமும் கையால் தடவி முகர்ந்து, பிழைத்ததா என்று எழுதுங்கள்.

திரும்பும் வண்டியில் உங்கள் பழைய கம்பளிச்சட்டையைக் கொடுத்துவிடுங்கள். இங்கே குளிரொன்றும் இல்லை, இருந்தாலும் வேண்டும். துவைக்காமல் அனுப்புங்கள்.

ஓட்டுநர் அவசரப்படுத்துகிறார். அந்தோனியார் எல்லோரையும் மன்னிக்கச் சொல்கிறார், மன்னித்துவிட்டேன். ஒருத்தியை மட்டும் முடியாது: சுல்மீரா.