மூன்று மணி ஈரம்

கிரீன்லாந்துப் பனிமேட்டு முகாம்
ஜூலை 16, செவ்வாய்

அன்புள்ள இங்வில் கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. முதுகுவலி போய்விட்டது, மூக்கு நுனி உரிந்துவிட்டது, மற்றபடி உடம்புக்குக் குறையில்லை. பெர்கனில் நீயும் அம்மாவும் மூக்கு உரியாமல் நலமாக இருக்க வேண்டும். மனசுதான் ஓர் இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. இன்று உருளைக்கிழங்குக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன், எல்லோரும் தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சாப்பிட்டார்கள், பாவம் பார்க்கிறார்கள் போல. விஷயத்துக்கு வருகிறேன், முகாம் தலைவி போடில் நாளுக்கு ஒரு தடவைதான் செயற்கைக்கோள் வழியே தபால் அனுப்புவாள், அதுவும் ஆளுக்கு ஒரு பக்கம். காற்றின் ஈரத்தில் கனமான தண்ணீர் எவ்வளவு, லேசானது எவ்வளவு என்று பிரிக்கும் உங்கள் கருவியை இங்கே பார்த்துக்கொள்ளும் ஜெரோம், நேற்று மதியச் சாப்பாட்டு மேசையில் உன் குறிப்பை வாசித்தான். தினமும் மூன்று மணிக்கு மேல் கனத் தண்ணீர் கூடுகிறது, பனித்தரையே மூச்சுவிடுகிறது, வியாழக்கிழமை கூட்டத்தில் இதைத்தான் பேசப்போகிறாய் என்று. எல்லோரும் கைதட்டினார்கள், அதிகம் தட்டியது நான். யார் பெத்த பொண்ணு என்று இரண்டு தடவை கேட்கவும் செய்தேன்.

மூன்று மணிக்கு வழக்கம்போலச் சமையல் துண்டுகளையும் என் கம்பளி உள்ளாடைகளையும் துவைத்து எடுத்துக்கொண்டு போனேன். கருவி காற்றை உறிஞ்சும் குழாய்க்குக் காற்று வரும் பக்கம் யாரும் கால் வைக்கக் கூடாதென்று மூங்கில் நட்டுக் கயிறு கட்டியிருக்கிறார்கள் அல்லவா, அந்தக் கயிற்றில்தான் ஒரு மாதமாகக் காயப்போடுகிறேன். சத்தியமாக உள்ளே கால் வைக்கவில்லை கண்ணு, இந்தப் பக்கம் நின்றேதான் போட்டேன். நேற்றுத்தான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். காற்று என் உள்ளாடையை ஆட்டிவிட்டு, பத்தடி தள்ளியிருந்த குழாயின் வாய்க்குள் நேராகப் போகிறது. ஓடிப்போய் ஜெரோமிடம் சொன்னேன். நீங்க துவைக்கிறது பனி உருக்கின தண்ணியிலதானே, அது காஞ்சா பனித்தரை விடுற ஈரம் மாதிரியேதான் காட்டும் என்றான், சிரிக்கக்கூட இல்லை. போடில்தான், ஏம்ப்பா ஓட்முண்ட், இத்தனை நாளா உன் ஜட்டி விட்ட மூச்சையா அளந்துக்கிட்டு இருந்தோம் என்றாள். அதற்கப்புறம் கூடாரத்துக்கும் கயிற்றுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன்.

ஒரே ஒரு வழி இருக்கிறது. ஜூலை ஐந்திலிருந்து எட்டு வரை முதுகு பிடித்துக் கிடந்தேன், எதையும் துவைக்கவில்லை. இங்கே வேறு யாரும் துவைக்கமாட்டார்கள், பக்கத்தில் உட்கார்ந்தாலே தெரியும். அளவுகளெல்லாம் உன்னிடம் இருக்கின்றன, அந்த நான்கு நாளை எடுத்துப் பார். மூன்று மணிக்கு மேல் அப்போதும் ஏறியிருந்தால் பனிதான் மூச்சுவிட்டது, தைரியமாகப் போய்ப் பேசு. ஏறவில்லையென்றால் உன் அப்பன் வேலை. மூடி மறைக்காதே, கூட்டத்தில் என் பெயரைச் சொல்லியே சொல், சிரித்தால் என்னைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். எனக்காக எதையும் கூட்டிக் குறைத்துச் சொல்லாதே. இரண்டு வருட உழைப்பம்மா உனக்கு. திட்ட வேண்டுமென்றால் பக்கம் முழுக்கத் திட்டு, அதையும் சாப்பாட்டு மேசையில் போடில் சத்தமாக வாசிக்கட்டும்.

உனக்கு எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே. மறந்துவிடாதே: ஐந்திலிருந்து எட்டு, வியாழனுக்கு முன்னால்.

இன்று ஒன்றும் துவைக்காத,
அப்பா ஓட்முண்ட்