நடுவில் நிற்காத குரல்

நவம்பர் 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. ஆபீசுக்கு லீவு போட்டாயிற்று. சேஷுவின் ஸ்பீக்கர்கள் இரண்டும் சாப்பாட்டு மேசை மேல். வசந்தி தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். "இது டைனிங் டேபிளா, ஒர்க்‌ஷாப்பா?" முப்பது வருஷமாக இதே கேள்வி.

டாக்டர்கள் போன மாதமே கையை விரித்துவிட்டார்கள். திருவான்மியூர் வீட்டு ஹாலில் கட்டிலைப் போட்டுப் படுத்திருக்கிறான் சேஷு. ஞாயிறன்று போனபோது சுவரோரம் கையைக் காட்டினான். "அது ரெண்டும் நாலு வருஷமா ஓடாம கெடக்குடா ரமணி. ஒரே ஒரு தடவை நன்னா கேட்டுட்டுப் போயிடறேன். பண்ணித் தருவியா?"

இருபத்தெட்டு வருஷம் முன்னால், அடையாறில் வீட்டைக் காலி செய்த ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பேரம் பேசியது நான், ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தது அவன்.

செய்ய வேண்டியவை:
- வூஃபரின் காகிதக் கூம்பு விளிம்பில் இருக்கும் ஃபோம் முழுக்கப் பொடி. தொட்டாலே உதிர்கிறது. சுரண்டி எடுக்க. (கூம்பைக் கிழித்துவிடாமல்!)
- புது ஃபோம் வளையம். வாங்கி வைத்திருக்கிறேன்.
- கெபாசிட்டர் நாலு.
- பின்பக்கம் ஒயர் மாட்டும் இடம் இரண்டிலும் துரு. புதுசு போட வேண்டும்.
- பி.பி. மாத்திரை தீர்ந்துவிட்டது.

நவம்பர் 5, புதன்

சுரண்டல். காலை எட்டிலிருந்து மதியம் மூன்று வரை. ஸ்பிரிட், பஞ்சு, ஷேவிங் பிளேடு. நகக்கண்ணெல்லாம் கறுப்பு. ஒரு கூம்பில் அரை அங்குலம் கீறல், டிஷ்யூ பேப்பர் வைத்து ஒட்டினேன். வெளியே தெரியாது. எனக்குத் தெரியும்.

ஃபோம் ஒட்டியாயிற்று. பசை காய ஒரு நாள் என்று டப்பாவில் போட்டிருக்கிறது. டப்பாவில் எழுதியவன் சென்னை மழையைப் பார்த்ததில்லை.

நவம்பர் 7, வெள்ளி

பசை இன்னும் பிசுபிசு. வசந்தியின் ஹேர் டிரையரை எடுத்துச் சூடு காட்டினேன். திட்டு.

பின்பக்கத் துருவைக் கழற்றிப் புதுசு போட்டேன். சால்டரிங் அயர்ன் கையில் இருக்கும்போது சேஷுவின் மனைவி கமலி ஃபோன். தோளில் இடுக்கிக்கொண்டே பேசினேன். "நேத்திக்கு மூணு தடவை கேட்டுட்டார், முடிஞ்சுடுத்தா, முடிஞ்சுடுத்தான்னு. ராத்திரியெல்லாம் வலி. கொஞ்சம் சீக்கிரம் முடியுமா பாருங்கோ." நாளைக்கே கொண்டுவருகிறேன் என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. இன்னும் ஒரு நாளாவது வேண்டும்.

நவம்பர் 8, சனி

மேசையில் ஆம்ப்ளிஃபயர் வைத்தால் ஒரு ஸ்பீக்கருக்குத்தான் இடம். முதலில் வலது. பிறகு இடது. தனித்தனியாக இரண்டும் தங்கம். தம்பூரா நாலு தந்தியும் தனியாகக் கேட்டது. எனக்கே என் மேல் ஒரு மதிப்பு வந்தது.

ஆட்டோக்காரர் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், உள்ள கல்லா வெச்சிகீற?" என்றார். பாட்டுப் பெட்டி என்றேன். "இப்பல்லாம் ஃபோன்லயே கேட்டுக்கலாமே. இத்தப் போயி தூக்கிகினு அலையற."

கட்டில் ஹாலுக்கு நட்டநடுவில். மூன்று தலையணை வைத்து சேஷுவைச் சாய்த்து உட்கார வைத்திருந்தாள் கமலி. சவரம் செய்திருந்தான். சட்டை போட்டிருந்தான், தொளதொளவென்று. நான் ஆம்ப்ளிஃபயர் பக்கம் சுவரோரமாக நின்றுகொண்டேன். வேறு இடமில்லை. பழைய கச்சேரி ஒன்று, தோடி. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

இரண்டு நிமிஷம் இருக்கும். "ரமணி, பாடறவர் எங்கடா?"

"என்னது?"

"நடுவுல ஆளே இல்லை. குரல் சுவரெல்லாம் அலையறது. மிருதங்கத்துல தொப்பிப் பக்கம், அந்த கும்காரமே கேக்கலை."

நாலு நாள் உழைப்பு. முதுகு விட்டுப்போயிருந்தது. சுருக்கென்று வந்துவிட்டது எனக்கு. "தனித்தனியா டெஸ்ட் பண்ணிட்டுத்தான் கொண்டு வந்திருக்கேன். பெட்டில ஒரு கோளாறும் இல்லை. இத்தனை மருந்து சாப்பிடறே, அது காதை அடிக்கும். உன் காதுதாண்டா."

என்னையே பார்த்தான். "அப்படியா?"

"ஆமாம்."

"சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்." கொஞ்ச நேரம் கழித்து, "சாரிடா. வேலை நன்னா பண்ணியிருக்கே" என்றான். கமலியிடம் அணைக்கச் சொன்னான்.

காபி குடித்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் எரிச்சல். ஒரு நல்ல வார்த்தையை மனசோடு சொல்லியிருக்கலாம் அவன்.

நவம்பர் 10, திங்கள்

கமலிக்கு ஃபோன் செய்தேன். அப்புறம் கேட்டானா? இல்லையாம். துணி போட்டு மூடச் சொல்லிவிட்டானாம். "எதுக்கு வீணா கரண்ட்டுங்கறார்."

மழை விட்டிருக்கிறது. கரண்ட் பில் கட்டியாயிற்று.

நவம்பர் 13, வியாழன்

சேஷு போய்விட்டான். காலை ஆறேகால். மத்தியானம் பெசன்ட் நகர் மயானம். பெங்களூரிலிருந்து மகன் வந்து சேர்ந்துவிட்டான். வெயில் அடித்தது.

எழுத ஒன்றும் இல்லை.

நவம்பர் 26, புதன்

நேற்றோடு காரியமெல்லாம் முடிந்தது. கமலி கூப்பிட்டு ஸ்பீக்கர்களை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். "எனக்கு இதெல்லாம் கேக்கத் தெரியாது. நீங்கதான் உசிரைக் குடுத்துப் பண்ணினேள். வர்றவா கிட்டயெல்லாம் சொல்லிண்டே இருந்தார், ரமணி பண்ணிக் குடுத்தான்னு."

எடுத்து வந்தேன்.

நவம்பர் 27, வியாழன்

ஹாலில் இரண்டையும் ஒன்றாக மாட்டினேன். நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அதே தோடி.

நடுவில் ஆளில்லை. குரல் சுவரெல்லாம் அலைந்தது.

டார்ச் பேட்டரி ஒன்றை எடுத்து இரண்டின் ஒயரிலும் ஒரே மாதிரி வைத்துப் பார்த்தேன். வலது கூம்பு முன்னால் வந்தது. இடது கூம்பு உள்ளே போனது. இடதின் பின்பக்கத்தைத் திறந்தால், சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு. என் சால்டர்தான். புதுசு போட்ட அன்று மாற்றி வைத்திருக்கிறேன். ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும்; அடிச்சத்தம் அடிபட்டுப் போகும், குரல் நடுவில் நிற்காது. தனித்தனியாகக் கேட்டால் தெரியவே தெரியாது. இந்த வேலையில் அரிச்சுவடி இது. இணையத்தில் எத்தனை பேருக்கு இதற்காகவே பாடம் எடுத்திருக்கிறேன், கொஞ்சம் நக்கலோடு.

அந்த ஹாலில் நடுவில் இருந்தது அவன் ஒருவன்தான். அவனுக்குத்தான் சரியாகக் கேட்டது.

மாற்றி வைக்க ஐந்து நிமிஷம் ஆனது. பாடகர் நடுவில் வந்து உட்கார்ந்தார். கேட்க முடியவில்லை, அணைத்துவிட்டேன். அழுதேன். வசந்தி அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள், நெஞ்சுவலியோ என்று.

நவம்பர் 28, வெள்ளி

வசந்தி: "கமலி கிட்ட சொல்லப் போறேளா? அவ இருக்கற இருப்புல இது வேறயா? உங்க மனசு ஆறணும்னு அவளைப் போட்டு வதைக்காதேங்கோ."

நியாயம்தான். சொல்லப்போவதில்லை என்று முடிவு.

ஆபீசில் இரண்டு தப்பு.

நவம்பர் 30, ஞாயிறு

போனேன். மறுபடி மழை. ஹாலில் கட்டில் இல்லை, தரை பெரிசாக இருந்தது. கமலி நாற்காலியை இழுத்துப் போட்டாள். வழியெல்லாம் தயார் பண்ணிக்கொண்டு போனதெல்லாம் மறந்துவிட்டது. ஒயரை மாற்றி வைத்துவிட்டேன் என்று ஆரம்பித்தேன். அவளுக்குப் புரியவில்லை. இரண்டு உள்ளங்கையையும் நீட்டி, ஒன்று முன்னால், ஒன்று பின்னால் என்று காட்டினேன். இரண்டாம் தடவை காட்டும்போது என் கையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு முகத்தைப் பார்த்தாள்.

"அப்போ அவர் காது நன்னாத்தான் இருந்துதா?"

"நன்னா இருந்தது. என்னோடதைவிட."

சாதாரணமாகத்தான் சொன்னாள். "பக்கத்தாத்துப் பொண்ணு சாயங்காலம் பாட்டு கத்துக்கறது. தெனம் கேட்டுண்டு படுத்திருப்பார். எங்கே தப்பு பண்றதுன்னு சொல்லிச் சிரிப்பார். நீங்க வந்துட்டுப் போனப்புறம் ஜன்னலைச் சாத்தச் சொல்லிட்டார். என் காது போயிடுத்து கமலி, எல்லாம் தப்பாக் கேக்கறது, வேண்டாம்னார். அஞ்சு நாள். நான்தான் சாத்தினேன்."

மன்னிப்பு கேட்கத்தான் போனேன். கேட்காமலே செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.